கதவுக்கு ரவிக்கை

டிக்.

பேருந்தில் முன்னிருக்கைப் பெண் கைப்பையை மூடினாள், அவ்வளவுதான். ஒரு சின்ன இரும்பு இன்னொரு சின்ன இரும்பைக் கவ்வும் சத்தம். சன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்த செம்பனை வரிசைகள் எனக்கு மட்டும் ரப்பர்ப் பால்மரங்களாகிவிட்டன. ஈர இலை மணம், வெயிலில் வெந்த கார் இருக்கையின் மணம், அத்தையின் விரலில் மஞ்சள் மணம். இறங்க வேண்டிய இடம் வந்தது, போனது. போகட்டும். எனக்குள்ளே ஒரு கதவு திறந்துகொண்டிருந்தது.

வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில் அவசரகாலம் அது, காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் சண்டை போட்ட நாட்கள். கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். எங்கள் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, வேலிக்கு ஒரே கேட். காலையில் அது திறந்தால்தான் மரம் சீவப் போகலாம், மாலையில் மூடினால் மூடியதுதான். ஆண்கள் அந்த வேலியைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பெண்கள் அதில் துணி காயப்போடக் கற்றுக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது. வீட்டில் என்றால், அப்பாவின் தம்பியான சித்தப்பாவிடம். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு தோட்டத்து ஆபீஸ் கிராணியிடமிருந்து வாங்கிய கறுப்புக் கார். கோலசிலாங்கூருக்கும் தோட்டங்களுக்கும் இடையே வாடகைக்கு ஓட்டினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதான் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து லயத்து வாசலில் நிறுத்தியிருக்கிறாரே என்று குழாயடியில் கேலி பேசுவார்கள். அவரும் காரை ‘அவ’ என்றுதான் சொல்வார். அவளுக்குத் தண்ணி காட்டணும். அவளுக்கு இன்னிக்கு மூச்சு வாங்குது.

அந்த அவளைத்தான் ஒரு நாள் கிழித்துவிட்டார்கள்.

காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசியும் மருந்தும் கார்க் கதவுக்குள்ளே ஒளிந்து போகிறதென்று யார் கிளப்பினார்களோ. ரோட்டுச் செக்கிங்கில் நின்ற சிப்பாய்களுக்குத் திருகாணி கழற்ற நேரமில்லை. கதவின் உட்புறம், சன்னல் கைப்பிடிக்குக் கீழே, துணி போர்த்திய பலகை இருக்குமே, அதில் கத்தியை வைத்துக் குறுக்கே ஓர் இழுப்பு. பலகையின் நடுவை உடைத்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். நாலு கதவும் அப்படியே. அரிசி கிடைக்கவில்லை. எப்போதோ தொலைந்துபோன சித்தப்பாவின் சீப்பு கிடைத்தது. அதைக் கையில் பிடித்தபடியே வந்து இறங்கினார், துக்க வீட்டுக்கு வந்தவர்போல.

வேறொரு சமயமாக இருந்தால் அது அவர் கவலையோடு போயிருக்கும். ஆனால் சின்ன அத்தையின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குக் கலும்பாங்கில் ரயில்வே வேலை. பெண்ணை அங்கே அழைத்துப் போய்த் தாலி கட்டுவதாகப் பேச்சு. அழைத்துப் போகச் சித்தப்பாவின் கார் இருக்கிறதே என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தோம். இப்போது அதன் கதவுகளிலிருந்து தேங்காய் நார் தொங்கியது. உட்கார்ந்தவர் சேலையைப் பலகைச் சிராய் பிடித்து இழுத்தது.

லோரி இருக்கே என்றார் அப்பா.

அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. பெரிய அத்தை லோரியில்தான் கல்யாணத்துக்குப் போனாள். தோட்டத்து லோரி, ரப்பர்ப் பால் டின்களை இறக்கிவிட்டு, பாயை விரித்து, பட்டுச் சேலையோடு அதில் உட்கார்ந்து சுங்கை பெசார் வரைக்கும். பாலின் புளித்த வாடை சேலையில் ஏறிக்கொண்டது. சேலையை எத்தனையோ முறை துவைத்தாயிற்று, ஆனால் அவள் மாமியாரின் மூக்கிலிருந்து அந்த வாடை இறங்கவேயில்லை. குழம்பில் உப்புக் கூடினால், பால் லோரியில வந்தவதானே. பிள்ளை அழுதால், பால் லோரியில வந்தவ வளர்ப்புதானே.

சின்ன அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்:

“நான் லோரியில போகமாட்டேண்ணே. கல்யாணம் நின்னாலும் சரி.”

அப்பா தம்பியைப் பார்த்தார். தம்பி காரைப் பார்த்தார்.

சித்தப்பா மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டார். சன்னல் சுற்றும் கைப்பிடியைக் கழற்றினார், பலகையைச் சுற்றித் தட்டைக் கரண்டியை விட்டு நெம்பினார். கிளிப்புகள் பாதி கையோடு வந்தன, பாதி உடைந்து கதவுக்குள்ளே விழுந்து கலகலத்தன. கிழிந்த துணியை உரித்தெடுத்து, பழைய பசையைச் சுரண்டி, உடைந்த நடுவுக்குப் பின்னால் அட்டை கொடுத்து, மேலே திரைச்சீலைத் துணியை இழுத்து ஒட்டினார். ஒட்டுவதற்கு எது? எங்கள் தோட்டத்தில் பசைக்கா பஞ்சம்? வேலை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டுப் பால் கொட்டாயிலிருந்து ஒரு டின் ரப்பர்ப் பால் வாங்கி வந்து பூசினார். அப்படிப் பிடித்தது. லயமே வந்து தடவிப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனது.

எங்களுக்கு வாடை ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. பிறந்ததிலிருந்து அந்த வாடையிலேயே சோறு தின்றவர்கள் நாங்கள். வெளியாள் வேண்டியிருந்தது. முதல் சவாரிக்கு ஏறிய துணிக்கடை பாய், பட்டணம் போய்ச் சேரும் வரை தலையைச் சன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டே வந்தாராம். இறங்கும்போது மிகவும் மரியாதையாக, பின்னால் எலி ஏதாவது செத்திருக்கும், பாருங்கள் தம்பி என்றாராம். கல்யாண வேலைக்காகச் சுங்கை பெசாரிலிருந்து வந்திருந்த பெரிய அத்தை கதவைத் திறந்தாள், மோந்தாள், சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள்.

“காரையே பால் லோரி ஆக்கிட்டியேடா தம்பி.”

சித்தப்பா காரின் பின்பக்கம் போய் நின்றுகொண்டார். சின்ன அத்தை சிரிக்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து, கதவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அதை வெகுநேரம் பார்த்தாள். ஆள் அளவு எடுக்கும்போது அவள் அப்படித்தான் பார்ப்பாள். லயத்துப் பெண்களின் ரவிக்கை எல்லாம் அவள் தையல்தான்.

எவ்வளவு நல்லா ஒட்டினாலும் வழியில சிப்பாய் திரும்பக் கிழிக்கத்தானே போறான் என்றாள். அவனுக்கு வேண்டியது உள்ளே பார்ப்பது. பார்த்துக்கொள்ளட்டும். ஒட்டவே வேண்டாம். ரவிக்கை மாதிரி திறந்து மூடுகிற மாதிரி தைத்தால் என்ன?

“கதவுக்கு ரவிக்கையா?” என்றார் சித்தப்பா பின்பக்கமிருந்து.

“அவ அவன்னு சொல்றீங்களே, அப்புறம் என்ன?”

இந்தப் பேச்சு பொழுது சாய்வதற்குள் கடைசி லயம் வரை போய்விட்டது. மறுநாள் குழாயடியில், பாவாடை எப்பத் தைக்கிறீங்க என்று கேட்டார்கள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு பட்டணத்துக்குப் போனாள். துணிக்கடை பாயிடம் அட்டை அட்டையாகப் பிரஸ் பட்டன் கேட்டாள். இத்தனை எதற்கும்மா என்றார் அவர். அத்தை முகம் மாறாமல் சொன்னாள்:

“நாலு பேருக்கு ரவிக்கை பாய். நாலு பேருமே பெரிய உடம்பு.”

பிறகு நடந்ததெல்லாம் என் கைவேலையும் சேர்ந்தது, அதனால் கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன். உடைந்த நடுப்பலகையைச் சித்தப்பா சதுரமாக அறுத்து எடுத்துவிட்டார். விளிம்பு மட்டும் சட்டம்போல நின்றது. பழைய செய்தித்தாளை அதில் வைத்து நகத்தால் கீறி அத்தை அளவெடுத்தாள். அரக்கு நிறத் தடித்த துணி, உள்ளே மாவுமூட்டைத் துணி, சுற்றிலும் இரண்டு விரற்கடை விட்டு மடிப்பு. சட்டத்தின் விளிம்பில் கித்தான் பட்டை வைத்துச் சின்ன ஆணி அடித்தாயிற்று. அந்தப் பட்டையில் பட்டனின் குழிப்பாதி, துணியில் குமிழ்ப்பாதி. பட்டைக்குப் பின்னால், கதவின் இருட்டுக்குள்ளே, ஊசியை வாங்கித் திருப்பிக் குத்த ஒரு கை வேண்டும். பெரியவர்கள் கை நுழையவில்லை. என் கை நுழைந்தது. உள்ளே கண்ணாடி ஏறி இறங்கும் இரும்புகள், எண்ணெய்ப் பிசுக்கு, வழி தவறிய எறும்புகள். ஊசி என் விரலைக் குத்தும்போதெல்லாம் அத்தை வெளியிலிருந்து, குத்திடுச்சா குட்டி என்பாள். இல்லை என்பேன். நாலு கதவுக்கும் இல்லை என்றே சொன்னேன்.

முடிந்தபோது துணி உடுக்கைத் தோல்போல விறைத்து நின்றது. அத்தை ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். டிக் டிக் டிக் டிக் என்று மழை பிடித்ததுபோல ஒரு சத்தம். சித்தப்பா அன்று மாலை முழுவதும் அதைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். பெட்ரோல் செலவில்லாத சவாரி என்றார்.

கல்யாணத்தன்று கேட் திறந்ததும் புறப்பட்டோம். காரில் சித்தப்பா, அப்பா, பின்னால் இரண்டு அத்தைகளோடு சன்னலோரத்தில் நான். மற்றவர்கள் எங்களுக்குப் பின்னால் லோரியில். கல்யாணத்துக்கென்றே சுங்கை பெசாரிலிருந்து வந்திருந்த பெரிய அத்தையின் மாமியாருக்கும் லோரியில்தான் இடம் கிடைத்தது. இடம் பிரித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

ரவாங்கைத் தாண்டியதும் செக்கிங். ரோட்டின் குறுக்கே மரக்கட்டை, மணல் மூட்டை. எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். சீர்த்தட்டுகளைத் திறந்தார்கள், வெற்றிலைக்குக் கீழே பார்த்தார்கள். மலாய்ப் போலீஸ்காரர் காரைக் காட்டி, புக்கா என்றார், திற என்று. சித்தப்பா நாலு கதவையும் விரியத் திறந்துவைத்துவிட்டு விலகி நின்றார். வெயிலில் சிவந்துபோன ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் பின்கதவின் முன்னால் குனிந்து இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். கத்தி முனை அரக்குத் துணியைத் தொட்டது. என் விரல்களில் ஊசி குத்திய இடமெல்லாம் மறுபடி வலித்தது.

சின்ன அத்தை நடந்து போனாள். பட்டும் பூவுமாகத் தலை நிமிராமல் இருக்க வேண்டியவள், துப்பாக்கிகளுக்கு நடுவே தலையை நிமிர்த்திக்கொண்டு போய், கத்திக்கும் துணிக்கும் இடையில் வளையல் கையை நீட்டினாள். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். அத்தை ஓரத்தைப் பிடித்தாள், இழுத்தாள்.

டிக் டிக் டிக் டிக் டிக்.

துணி மடிந்து விழுந்தது. உள்ளே இரும்பும் இருட்டும்.

“புக்கா,” என்றாள் அத்தை.

சிப்பாய் கதவைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான், கத்தியை உறையில் போட்டான். டார்ச் அடித்துப் பார்த்தான். பிறகு கட்டைவிரலால் ஒரு பட்டனை அழுத்தினான். டிக். திறந்தான். திரும்ப அழுத்தினான். அவன் முகத்தில் பத்து வயசுப் பையன் வந்து உட்கார்ந்தான். கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டினான். அடுத்த கதவை, என் பக்கத்துக் கதவை, அவனே பிடித்து இழுத்தான், முரட்டு இழுப்பு. எங்கோ ஒரு நூல் முனகியது எனக்கு மட்டும் கேட்டது.

அத்தை போலீஸ்காரரிடம் அரைகுறை மலாயில், திறந்தவர்தான் மூட வேண்டும் என்று சொல்லச் சொன்னாள். அவர் அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். அப்புறம் அந்தச் சிப்பாய், துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டு, ரோட்டில் மண்டியிட்டு, எங்கள் கதவுக்குப் பட்டன் போட்டான். ஒன்றைத் தவறாகப் போட்டுவிட்டான். கடைசியில் ஒரு குமிழ் மிஞ்சியது. அத்தை உச்சுக்கொட்டி, முதலிலிருந்து போடச் சொல்லி விரலால் காட்டினாள். போட்டான்.

லோரியில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு லோரி முழுவதும். பிறகு மணல் மூட்டைக்குப் பின்னால் நின்றவர்களும். செக்கிங்கில் சிரிப்புச் சத்தம் நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஜாலான், போ என்று கையசைத்தார்கள். கலும்பாங் போகும் வரை சித்தப்பா ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார். பெரிய அத்தை தொடையில் அடித்து அடித்துச் சிரித்தாள். சிப்பாயையே ரவிக்கை மாட்டிவிட வைத்துவிட்டாளே என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் ஆரத்தியோடு நின்றார்கள். பெரிய அத்தைதான் முதலில் இறங்கினாள். யாரும் கேட்காமலே, பொண்ணு காரிலதான் வந்தா என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். சொல்லிவிட்டு நேராக லோரியிடம் போனாள். அங்கே அவள் மாமியார், சேலையில் புளித்த வாடையோடு, காலை எங்கே வைப்பதென்று தேடிக்கொண்டிருந்தார்.

“பாத்து எறங்குங்க மாமி. லோரி, வழுக்கும்.”

அவ்வளவு அன்பான குரலை அவளிடம் நான் பிறகும் கேட்டதில்லை.

தாலி கட்டியாயிற்று, சாப்பிட்டாயிற்று. கேட் மூடுவதற்குள் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அப்பா அவசரப்படுத்தினார். நான் காரில் என் இடத்தில் ஏறி, பக்கத்தில் சின்ன அத்தைக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தேன். அந்த இடத்தில் பெரிய அத்தை பாத்திரங்களை வைத்தாள். சின்ன அத்தை வெளியே நின்றாள், என் கதவைத் திறந்து பிடித்தபடி. நான் அவளிடம் சிப்பாய் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு வெற்றி இன்னும் தீரவில்லை. அவள் பெருவிரல் கதவின் பட்டன்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தது. ஓர் இடத்தில் நின்றது. சிப்பாய் முரட்டுத்தனமாக இழுத்த இடம். குமிழ் ஒற்றை நூலில் ஆடியது.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் நானே தைத்துவிடுவேன், உள்ளே கை விடத்தான் எனக்குத் தெரியுமே என்றேன். அத்தை வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சித்தப்பா என்ஜினை முடுக்கினார். இவ்வளவு ஜெயித்த காரில் ஒரு பட்டன் மட்டும் ஏன் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அத்தை கதவை மெதுவாகச் சாத்தி, சன்னல் வழியாகக் குனிந்து சொன்னாள்:

“நீ தைக்காதே குட்டி. நான் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.”