பாதிப் பேர் வந்தால் போதும்

அலுவலக நிர்வாகி என்பவர், மின்விசிறி நின்றால் திட்டு வாங்குகிறவர். அது சுற்றிக்கொண்டிருக்கும்வரை அவர் ஞாபகம் யாருக்கும் வராது. திண்டுக்கல்லில், வெளிநாட்டு மருத்துவமனைகளின் பில்களைச் சரிபார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு அந்த உத்தியோகம். கொரோனா வந்து எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியதும், எனக்குச் சுற்றுகிற மின்விசிறியும் இல்லை, நிற்கிற மின்விசிறியும் இல்லை.

ஒருநாள் சென்னைத் தலைமை அலுவலகம் சொன்னது: பாதிப் பேராவது திரும்பி வந்தால் கட்டடத்தை வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் காலி செய்துவிடுவார்கள். கட்டடம் போனால் நானும் போவேன். எனவே மக்களை வரவழைக்கும் திட்டத்தை என்னையே போடச் சொன்னார்கள். இப்படிப்பட்ட திட்டம் போட்டு நொந்த சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

தேதி

முதலில் ஒரு திங்கட்கிழமையைக் குறித்தேன். அந்த வாரமே தொற்று கூடியது, தள்ளிப்போட்டேன். அடுத்த தேதி குறித்ததும் டிவியில் புதிதாக ஒரு வகைக் கிருமி வந்துவிட்டது என்றார்கள். திறக்கலாம் என்றால் பயமாக இருந்தது, வேண்டாம் என்றால் என் வேலைக்குப் பயமாக இருந்தது. எந்தப் பயம் பெரிது என்று தெரியாமல் சென்னை மேலாளருக்குப் போன் போட்டேன். அவர் தெளிவாகச் சொன்னார்:

"தேதிய இன்னைக்கே ஃபிக்ஸ் பண்ணிருங்க, ஆனா யாருகிட்டயும் ஃபைனல்னு சொல்லிராதீங்க."

நாற்காலி

ஊரடங்கு தொடங்கியபோது ஆளுக்கொரு கம்ப்யூட்டரும் சுழல் நாற்காலியும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தோம். திரும்பக் கேட்டபோதுதான் தெரிந்தது, அவை குடும்பச் சொத்தாகிவிட்டன என்று. நெய்க்காரப்பட்டி முருகேசன் நல்ல வேலைக்காரன், ஆபீசுக்கு வருவதற்கும் தயார். ஆனால் நாற்காலியில் அவன் அப்பா உட்கார்ந்துவிட்டார். காலையில் தோப்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து ஏறினால், சுற்றிச் சுற்றி டிவி பார்ப்பாராம். கம்பெனிப் பொருள், கட்டாயம் வந்தாக வேண்டும் என்று நான் கொஞ்சம் கறாராகப் பேசினேன். முருகேசன் பணிவாகக் கேட்டான்:

"ஏனுங்க சார், நாற்காலிய மட்டும் கொண்டாரட்டுங்களா, இல்ல அப்பாவையும் சேத்துக் கொண்டாரட்டுங்களா?"

ஒத்திகை

திறப்பதற்கு முன் சிலரை மட்டும் வரவழைத்து ஒத்திகை பார்த்தேன். ஒன்றுவிட்டு ஒரு இருக்கையில் பெருக்கல் குறி ஒட்டினேன், தரையில் வட்டம் போட்டேன். காலை முழுக்க எல்லோரும் ஒழுங்காகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். எனக்கே பெருமையாக இருந்தது.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் அத்தனை பேரும் ஒரே மேஜையைச் சுற்றி முட்டி மோதிக்கொண்டார்கள். பார்த்து எத்தனை நாளாயிற்று! மாஸ்க்கெல்லாம் தாடைக்கு இறங்கின, ஒருவர் வெஞ்சனம் இன்னொருவர் தட்டுக்குப் போனது. கண்டிக்கப் போன எனக்கும் யாரோ கோலா உருண்டை நீட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். வாசலில் நின்று இதைப் பார்த்த காவலாளி அந்தோணி அண்ணன் கேட்டார்:

"ஏன் அப்பு, ஒரு மணியானா கிருமியும் சாப்புடப் போயிருமாக்கும்?"

ஒரு ஆள் குறைவு

கணக்குப் போட்டால், பாதிக்குச் சரியாக ஒரு ஆள் குறைந்தது. மற்றவர்கள் முடியாது என்றுவிட்டார்கள், இன்னும் கேட்காமல் மிச்சமிருந்தது பில் பார்க்கும் ஜெசிந்தா மட்டும்தான். அவள் அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு, வாரந்தோறும் ஆஸ்பத்திரி. கூப்பிட்டால் என் வேலை தப்பிக்கும், ஆனால் அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? போனை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். கடைசியில் கூப்பிட்டு, மென்று விழுங்கி, "நீ வரவேண்டாம்மா, வீட்டிலேயே இரு" என்று சொல்லிவிட்டேன். அவள் கேட்டாள்:

"இதச் சொல்லவா சார் இம்புட்டு நேரம் முழுங்குனீங்க?"

திறப்பு விழா

திறக்க இரண்டு நாள் இருக்கும்போது எனக்குத் தொண்டை கரகரத்தது. சோதனையில் பாசிட்டிவ். எங்கே ஒட்டியதோ, தெரியவில்லை. ஊரையெல்லாம் ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டு, நான் மாடி அறையில் கஷாயத்தோடு கிடந்தேன்.

திறக்கிற அன்று காலை போனில் வீடியோ அழைப்பு வந்தது. மின்விசிறிகள் சுற்றின. முருகேசன் அப்பாவுக்குப் புது நாற்காலி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கம்பெனி நாற்காலியோடு வந்திருந்தான். போனைப் பிடித்திருந்தது ஜெசிந்தா. அம்மாவைக் கொஞ்ச நாள் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தாளாம். ஆள் குறைந்தால் என் வேலை போய்விடும் என்று முருகேசன் அவளிடம் சொல்லியிருக்கிறான். பாதி நிறைந்துவிட்டது, கட்டடம் பிழைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாவி எங்கே, சானிடைசர் எங்கே, யாரை எங்கே உட்கார வைப்பது என்று சொல்ல ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் அவள் ஏற்கெனவே முடித்திருந்தாள். அன்போடுதான் சொன்னாள்:

"செத்த நேரம் படுங்க சார், இங்க எல்லாம் நல்லாத்தான் போகுது, அவசரப்பட்டு வந்துராதீங்க."

ஆபீஸ் நடக்க ஆட்கள் நேரில் வந்தே ஆகவேண்டும் என்று சென்னைக்கு நிரூபித்துவிட்டேன். அந்த ஆட்களில் நானும் ஒருவனா என்பதுதான் இன்னும் எனக்கு விளங்கவில்லை.