மூடி திறக்காத சோடா

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு டென்மார்க்கின் ஹேர்னிங்கில் இருந்து வெளிக்கிட்டோம். கார் ஓட்டியது நான். பக்கத்தில் அத்தான், பின்னால் அவருடைய ஒரே மகள் ஆரணி. அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலை. போன காரியம் சின்னதல்ல: ஆரணி விரும்பும் சுதனின் வீட்டில், கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்து இஷொயில், கல்யாணப் பேச்சு. முந்நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. அத்தானின் மடியில் தேத்தண்ணிப் பிளாஸ்க். வழியில் வாங்கலாமே என்றால், "காசைக் கரியாக்கிறதோ?" என்றார். நானும் நம்பினேன்.

ஆரணி பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிறாள். அமெரிக்க உள்நாட்டுப் போர்தான் அவளுடைய ஆய்வு. கடலைக் கடக்கும் பெரிய பாலத்தில் ஏறியபோது அத்தான் கேட்டார்: "அது மாநில உரிமைச் சண்டை எண்டல்லோ சொல்லுறவை?"

"என்ன உரிமை அப்பா? மனிசரைச் சொத்தா வைச்சிருக்கிற உரிமை. அதை விடமாட்டம் எண்டுதான் தெற்கு பிரிஞ்சது. பிறகு அந்த அடிமையளே தோட்டங்களை விட்டு ஓடி வந்து, வடக்குப் படையில சேந்து துவக்குத் தூக்கினவை. தெற்கு தோத்ததுக்கு அதுவும் பெரிய காரணம்."

பத்தரைக்குக் கொப்பன்ஹேகன் துறைமுகம். ஆரணி எங்களை ஒரு பழைய பண்டகசாலையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். டென்மார்க் வைத்திருந்த கரிபியன் தீவுகளில் அடிமைகள் வெட்டிய கரும்பின் சீனி இங்கேதான் வந்து இறங்கியதாம். முப்பது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருந்தும் எங்கள் இருவருக்கும் அது தெரியாது.

"இவங்களுமோ! இந்தச் சாதுவான சனமோ!" அத்தானின் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை. "மனிசனுக்கு மனிசன் இப்பிடிச் செய்வானோ, தம்பி?"

ஒரு மணிக்கு இஷொய், அடுக்குமாடியில் நாலாம் மாடி. சுதனின் தாய் வாசலுக்கே வந்து ஆரணியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். எனக்கும் ஆரணிக்கும் வடையும் தேத்தண்ணியும் வந்தன. அத்தானுக்கு முன்னால் மட்டும், மூடி திறக்காத ஒரு சோடாப் போத்தலையும் ஓப்பனரையும் வைத்தார்.

யாழ்ப்பாணத்தில் 'குறைஞ்ச சாதி' என்று ஒதுக்கியவர்களின் வீட்டில் மற்றவர்கள் தண்ணீர் தொடமாட்டார்கள். தட்ட முடியாவிட்டால், கடையில் அடைத்த சோடாவைத் தங்கள் கையால் உடைத்துக் குடிப்பார்கள். பிளாஸ்க் ஏன் வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. அத்தான் சுதன் வீட்டாரின் சாதியை விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அந்த மனிசியும் தெரிந்துதான் வாங்கி வைத்திருக்கிறார். அட கடவுளே, இவ்வளவு கடலையும் கடந்து அந்தப் போத்தலுமா வந்து சேர்ந்தது!

"அப்பாக்கு ஏன் தேத்தண்ணி இல்லை, அன்ரி?" ஆரணி கேட்டாள்.

"எங்கடை வீட்டில அவர் குடிக்கமாட்டார், பிள்ளை," என்றார் சுதனின் தாய். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஆரணி தன் கோப்பையைத் தகப்பனுக்கு முன்னால் தள்ளினாள். "காலமை அழுதனீங்கள் அப்பா. இதைக் குடியுங்கோ."

"அது வேறை, இது வேறை. இது எங்கடை வழமை."

"தெற்கில இருந்தவையும் அப்பிடித்தான் சொன்னவை."

கோப்பை அப்படியே ஆறிப்போனது. நாலு மணிக்கு நாங்கள் எழுந்தபோது ஆரணி எழவில்லை. "நீங்கள் போங்கோ, நான் வரேல்லை," என்றாள்.

மறுபடி பாலம். பின் இருக்கை வெறுமை. அக்காவுக்கு என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டு ஓட்டினேன். அத்தான் பிளாஸ்கைத் திறந்து, மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். மறுபடியும் நீட்டினார். நான் ஸ்டியரிங்கில் இருந்து கையெடுக்கவில்லை.

அத்தானின் முகம் கறுத்துவிட்டது.

"ஏன், என்ரை தேத்தண்ணிக்கு என்ன?"