பின் சக்கரத்துக்கு ஒரு கட்டை

டைல்ஸ் கடைக்காரருக்கு உலகத்தில் வராத காரியம் ஒன்றுதான்: "தெரியாது" என்று சொல்வது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஆள். சரக்கு ஏற்றப் பிக்கப் வண்டி வாங்கப் போன அன்றும் அப்படித்தான்.

ஒரே வண்டி, இரண்டு மாதிரி. ஒன்றில் பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக், மற்றதில் டிஸ்க். மனைவியின் தம்பி கொஞ்ச நாள் முன்னால் டிரம் வண்டியை எடுத்திருந்தான். அந்தக் காரணத்துக்காகவே இவருக்கு அது ஆகவில்லை. தவிர, டிஸ்க் சக்கரத்துக்குள் பளபளவென்று தெரியும். டிரம் கவிழ்த்துப் போட்ட கரிச்சட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். விற்பனையாளர் நியாயமாகத்தான் பேசினார். டிஸ்க்குக்குச் சூடு சீக்கிரம் ஆறும், இறக்கத்தில் நம்பி மிதிக்கலாம். டிரம்முக்குப் பராமரிப்புச் செலவு கம்மி என்றார். அதற்கு மேல் அவரைப் பேச விட்டால்தானே?

அப்போது மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நம்ம கடை மேட்டுல இருக்கு. சரக்கோட நிறுத்தினா எது நகராம நிக்கும்?"

விற்பனையாளர் வாயைத் திறப்பதற்குள் டைல்ஸ்காரர் முந்திக்கொண்டார்.

"அதுக்குத்தான் நீ இருக்கியே, கல்லு வெக்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். விற்பனையாளரும் சிரித்தார். அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். டிஸ்க் வண்டி வீட்டுக்கு வந்தது.

ஓடும்போது வண்டியைக் குறை சொல்ல முடியாது. நிற்கும்போதுதான் வினை. கடைத்தெரு செங்குத்தான மேடு. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரிலும் போட்டுவிட்டு இறங்கினால், டைல்ஸ் பெட்டிகளின் பாரத்தில் வண்டி மெல்லப் பின்னால் நகரும். ஒருநாள் நகர்ந்தே போய் எதிர்வீட்டுக் கேட்டை இடித்தது. மெக்கானிக் முறுக்கிப் பார்த்துவிட்டு, இந்த வண்டியில் ஹேண்ட்பிரேக்கின் பிடி இவ்வளவுதான் என்று கையை விரித்தார்.

மறுநாளே மனைவி ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்து சீட்டுக்கு அடியில் வைத்தாள். அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. அவர் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருப்பார். அவள் இறங்கிப் போய்ப் பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தட்டுவாள். பிறகுதான் நம்ம துரை பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். மழையானாலும் அப்படித்தான். ஒரு தடவை விரல் நசுங்கி நகம் கறுத்துப்போனது. அப்போதும் அவள் "நான் அன்னிக்கே கேட்டேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை பிடித்தாவது அவர் தப்பித்திருப்பார்.

போன வாரம் மச்சான் கட்டுகிற வீட்டுக்கு டைல்ஸ் போனது. அவனுடைய டிரம் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு மூவரும் போனார்கள். அங்கேயும் மேடு, நல்ல மேடு. வண்டி நின்றதுதான் தாமதம், அவள் குதித்து இறங்கி, ஓரத்தில் கிடந்த கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

தம்பி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு நிதானமாக இறங்கி வந்தான். கல்லைக் காலால் ஒதுக்கித் தள்ளினான். வண்டி அசையவில்லை.

"என்னக்கா இது? இது தானா நிக்கும்," என்றவன் இவர் பக்கம் திரும்பினான். "ஏன் மாமா, உங்க வண்டி நிக்காதா?"

அவள்தான் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "அதெல்லாம் நல்லா நிக்கும்டா. நான்தான் பயந்தாங்கொள்ளி."

டைல்ஸ்காரருக்கு வெட்கமாக இருந்தது. கடன்காரன் வாசலில் வந்து கத்தினாலும் அவ்வளவு கூசியிருக்காது. நாலு பேர் முன்னால் அவளை அவர் விட்டுக்கொடுத்தார். அவள் கூடப்பிறந்த தம்பியிடம்கூட அவரை விட்டுக்கொடுக்கவில்லை. அன்று முழுக்கப் பெட்டிகளை அவரே சுமந்தார். இடுப்பு வலித்ததே தவிர மனசு லேசாகவில்லை.

மறுநாள் காலை, கடை வாசலில் சரக்கோடு அவர்கள் வண்டி. அவள் கட்டையை எடுக்கக் குனிந்தாள்.

"இரு, நான் போய் வெக்கறேன்," என்று அவர் கதவைத் திறந்தார். வண்டி பின்னால் சரிந்தது.

"காலை எடுக்காதீங்க."

அவசரமாக மிதித்து நிறுத்தினார். அவருக்குப் பரிகாரம் செய்யக்கூட வழியில்லை. அவர் இறங்கினால் வண்டி இறங்கிவிடும். அவள் குனிவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. கட்டையைக் கொடுத்து, தட்டிவிட்டு, ஜன்னலருகே வந்தாள்.

"அன்னிக்கு ஷோரூம்ல நான் அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது," என்றார், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி.

"நீங்க சிரிக்கறது எனக்குப் பழக்கம்தான். முன்னபின்ன தெரியாத அந்த ஆளும் சிரிச்சார் பாருங்க, அதுதான்..."

முடிக்காமல், பெட்டிகளை இறக்கப் பின்பக்கம் போய்விட்டாள். கட்டை வைத்தாகிவிட்டது, வண்டி இனி எங்கும் போகாது. ஆனாலும் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். எடுத்தால் இறங்க வேண்டும். இறங்கினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.