பெயர் போடச் சொல்லி ஒரு பணிவான கடிதம்

அண்மையில் என் பெயர் ஒரு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பெரிய எழுத்தில் வெளிவந்தது. 'வாடிக்கையாளர்கள் வாழ்த்துகிறார்கள்' என்ற தலைப்பின் கீழ், நீண்டதொரு பாராட்டுரையோடு. நான் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளரே அல்ல. பாராட்டவும் எழுதவில்லை. குறையைச் சொல்லத்தான் எழுதினேன்!

எப்படி நேர்ந்தது இது? சொல்கிறேன்.

புணேயின் ஔந்த் பகுதியில், எங்கள் குடியிருப்பில் முதியவர்கள் சிலர் திங்கட்கிழமை மாலைகளில் கூடித் தேவாரப் பதிகம் பாடுகிறோம். பாடி முடித்ததும் காபி. காபியோடு முழங்கால் வலி. எந்தக் கோயிலில் பிடித்து ஏறக் கைப்பிடி உண்டு, எங்கே சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் உண்டு, எங்கே உட்கார நாற்காலி தருவார்கள், எங்கே வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது... எங்கள் ஆன்மிக உரையாடல் பெரும்பாலும் இதுதான். "இத்தனையும் காபியோட கரைஞ்சு போகுதேக்கா, எங்கயாவது எழுதி வைப்போமே" என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

ஸ்டெல்லா டீச்சர், தலைமுறைகளாகப் பக்கத்துக் கட்கியில் வாழும் திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பத்தவர். ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தேவாலயம், திங்கள் எங்கள் பதிகம். "பாட்டு யாரு வீட்டுப் பாட்டா இருந்தா என்னக்கா? காபி நல்லாருக்கு" என்பார்.

புறப்பட்டோம். கோயில், தேவாலயம், தர்கா என்று புணே முழுக்க நேரில் போய்ப் பார்த்துக் குறித்தோம். டீச்சரின் மருமகன் அதை இணையத்தில் ஏற்றிக் கொடுத்தார். திறந்த தரவு. யாரும் எடுக்கலாம், எதற்கும் பயன்படுத்தலாம், காசு வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை... எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு வரி போட வேண்டும்.

பிறகு ஒரு காலை, நடராஜன் சாரின் தொலைபேசி அழைப்பு. எங்கள் குழுவில் முதற்குரல் அவருடையது. இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆகி, வாக்கரோடு நடப்பவர்.

"ஏரவாடா பக்கம் ஒரு கோயில் வாசல்ல நிக்கிறேன்மா. சாய்தளம் இருக்குன்னு போட்டிருந்துது. இங்க வெறும் பள்ளம்தான் இருக்கு."

சாக்கடை வேலைக்காகச் சாய்தளத்தை இடித்திருந்தார்கள். அதை நாங்கள் எப்போதோ திருத்திவிட்டோமே? விசாரித்ததில், அவர் பார்த்தது எங்கள் பக்கத்தை அல்ல. மகன் போனில் போட்டுக் கொடுத்த ஒரு யாத்திரைச் செயலியை. தெருவில் நின்றபடியே கும்பிட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பினார். மாலையில் போய்ப் பார்த்தபோது சொன்னார்: "இனிமே வீட்லயே கும்பிட்டுக்கறேன். இதெல்லாம் எனக்கு ஒத்து வராதும்மா."

வாரம் ஒரு கோயில் என்று வாழ்ந்த மனிதர். 

ஸ்டெல்லா டீச்சர் அந்தச் செயலியைத் திறந்து பார்த்தார். ஒரு தேவாலயத்தின் விவரத்தில், ஆங்கிலத்தில் இப்படி: 'வாசலில் ஒரு கறுப்பு நாய் படுத்திருக்கும். ஒன்றும் செய்யாது, பயப்பட வேண்டாம்.'

"அக்கா! இது என் நாய்! நான் எழுதின நாய்!"

ஐயமே இல்லை. எங்கள் தரவை அப்படியே எடுத்திருந்தார்கள். எடுத்ததில் மகிழ்ச்சிதான், அதற்காகத்தானே பொதுவில் வைத்தோம்? ஆனால் எங்கிருந்து எடுத்தது என்ற வரி இல்லை. அதனால் பழைய பிரதி பழையதாகவே நின்றுவிட்டது. தவறைக் கண்டவருக்கு யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. திருத்தம் எங்கே இருக்கிறது என்று படிப்பவருக்கும் தெரியவில்லை.

"வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒண்ணு விடுவோமாக்கா?" என்றார் டீச்சர். நான் மறுத்தேன். பணிவாகக் கேட்பதே முறை, நானே எழுதுகிறேன் என்றேன்.

எழுதினேன். இறைவனிடம்கூடக் குறையை நேரே சொல்லாத மரபில் ஊறியவள் நான். முதலில் அவன் சடையைப் புகழ வேண்டும். பிறகு அவன் ஊரை, அதன் சோலையை, வயலில் துள்ளும் மீனை... எல்லாம் ஆன பிறகு, மெல்ல, 'அடியேனையும் சற்றுப் பார்' என்று ஒரு வேண்டுகோள். என் கடிதமும் அந்த வரிசையில்தான் நடந்தது. செயலியின் அழகு, வண்ணம், முதியோர்பால் அவர்கள் காட்டும் பரிவு, குடும்பத்தாருக்கு ஆசி. கடைசியில், எங்கள் எளிய முயற்சியின் நினைவும் தங்கள் உள்ளத்தில் ஓர் ஓரமாக இடம் பெறுமானால் மகிழ்வோம் என்று முடித்தேன். மொழி ஆங்கிலம், பணிவு மட்டும் தமிழ்ப் பணிவு.

உடனே பதில் வந்தது. கைகூப்பும் படங்களோடு நன்றி. மறுநாள் என் கடிதம் அவர்களுடைய பாராட்டுப் பக்கத்தில்!

டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யக்கா, மனு குடுக்கப் போய் அவார்டு குடுத்துட்டு வந்திருக்கீங்க! நீங்க என்ன கேக்கீங்கன்னு எனக்கே ரெண்டு தடவை படிச்ச பெறகுதான் வெளங்குச்சு."

இரண்டாவது கடிதத்தை அவர் எழுதினார். எங்கள் தரவைப் பயன்படுத்தியதற்கு மகிழ்ச்சி. அதன் நிபந்தனைப்படி, விவரங்களின் அடியில் கீழ்க்காணும் வரியைத் தயவுசெய்து சேர்க்கவும். அந்த வரி இது. எங்கள் பக்கத்தின் இணைப்பு இது. எங்கள் திருத்தங்களும் தங்களுக்குத் தானாக வந்து சேரும். நன்றி. அவ்வளவுதான். வரியைக்கூட எழுதியே கொடுத்துவிட்டார், அப்படியே ஒட்டிக்கொள்ளலாம்.

"கொஞ்சம் வெடுக்குனு இல்லையா டீச்சர்?"

"அரே, இதுல எங்கக்கா கோவம் இருக்கு? அவுங்க யோசிக்க வேண்டியதயும் சேத்து நாமளே யோசிச்சுக் குடுத்திருக்கோம். இதுக்கு மேல என்ன மரியாதை வேணும்?"

கடிதத்தை அப்படியே அனுப்பினோம்.

அன்றே அழைப்பு வந்தது. செயலியைக் கவனிக்கும் செந்தில் என்பவர், கோயமுத்தூர்க்காரர். "வணக்கமுங்கம்மா. மொதல் லெட்டர்லயும் இதத்தான் கேட்டீங்களாக்கும்? நாங்க பாராட்டுன்னுல்ல நெனச்சுப்போட்டோம்! ஃப்ரீ டேட்டான்னதும் பேரு போடோணும்னே தோணலீங்க. தப்புத்தானுங்க." வரியைச் சேர்த்தார். திருத்தங்கள் உடனுக்குடன் வரவும் வழி செய்தார். அந்தப் பாராட்டை எடுத்துவிடலாமே என்றேன். தயங்கினார். "அது இருக்கட்டுங்களேம்மா... படிக்க நல்லாருக்குதுங்க."

இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் எனக்குள் ஒரு கேள்வி. பெயர் போடு என்று கேட்பது தன்முனைப்பு ஆகாதா? அடுத்த திங்கள் பாடும்போதுதான் தெளிந்தது. பதிகத்தின் கடைசிப் பாட்டில் பாடியவர் தம் பெயரைச் சொல்வார், ஊரையும் சேர்த்துச் சொல்வார். நேரமில்லை என்று சிலர் விட்டுவிடும் பாட்டு அது. புகழ் மட்டும் வேண்டுமென்றால் பெயர் போதுமே, ஊர் எதற்கு? ஊர் என்றால் விலாசம்... இந்தச் சொல்லுக்கு நான் பொறுப்பு, கேட்பதிருந்தால் இங்கே வந்து கேள் என்பதல்லவா அது?

கேட்க ஆள் வரவும் செய்தார். கசார்வாடியிலிருந்து சுனிதா என்ற அம்மாள், செயலியில் எங்கள் வரியைக் கண்டு இந்தியில் எழுதியிருந்தார். 'இதை எழுதியது யார்? எங்கள் தெருக் கோயிலில் வர்ணம் பூசுவதற்காகக் கைப்பிடியைக் கழற்றியிருக்கிறார்கள். உங்களை நம்பி மாமியாரை அழைத்துப் போனேன். பார்க்காமலா எழுதுவீர்கள்?'

"அக்கா, மொதத் திட்டு வந்துட்டு!" என்று டீச்சர் கொண்டாடினார். கொண்டாடிய கையோடு நடராஜன் சாரை அழைத்தார். டீச்சர் விடாமல் வற்புறுத்தி, அவர் அந்த வெள்ளிக்கிழமை போகச் சம்மதித்திருந்ததும் அதே கோயில்தான். போக வேண்டாம் என்று காரணத்தைச் சொன்னோம். எப்படித் தெரிந்தது என்று கேட்டார், சுனிதா அம்மாள் எழுதியதைச் சொன்னோம். பிறகு, "அப்ப, முன்னாடியே பாத்துச் சொல்ல ஆள் இருக்காங்களா?" என்றார். குரலில் பழைய தெம்பு கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

கைப்பிடியைத் திரும்பப் பொருத்தியதையும் சுனிதா அம்மாளே எழுதித் தெரிவித்தார். நடராஜன் சார் போனார். நான் அழைத்தபோது, பின்னணியில் மணியோசையோடு அடங்கிய குரலில் சொன்னார்: "உள்ளதான் இருக்கேன்மா. ஆரத்தி நடக்குது, வெச்சுடறேன்."

சம்மதம் கேட்டுக்கொண்டு, அந்தக் கோயில் விவரத்தின் அடியில் சுனிதா அம்மாளின் பெயரைச் சேர்த்துவிட்டோம், கசார்வாடி என்று ஊரோடு. பணிவாக ஒரு கடிதம் எழுதி அவர் கேட்கும்வரை காத்திருப்பானேன்?