எட்டுப் புள்ளியால் தோற்று வென்ற காலை

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை காலை கிளென் ஈடனில் இருந்து விரி என்ற இடத்துக்குப் போய் வந்தேன். இரண்டும் நியூசிலாந்தில், ஒரே ஒக்லாந்துக்குள்; இருபத்தைந்து கிலோமீட்டர். இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். எனக்கு அது போலந்துவரை போய் வந்த மாதிரி.

என் மகள் மதுரா போலந்தில் ஒரு கழகத்துக்குக் கூடைப்பந்து விளையாடுகிறாள். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவளை எடுக்க முன்வந்த ஒரே கழகம் அது. அதுவும் ஒரு பருவத்துக்கு மட்டும். ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றால் இன்னொரு வருடம், இல்லையென்றால் வீடு. இறுதிப் போட்டிக்கு முதல் நாள் அவளுடைய கட்டிலில் புது விரிப்பு விரித்து வைத்தேன். எதை எதிர்பார்த்து விரித்தேன் என்று எனக்கே தெளிவில்லை.

பருவம் முழுவதும் ஆட்டங்களைத் தனியாகத்தான் பார்த்தேன். அவள் விழுந்தால் எழுந்துபோய்க் கோப்பை கழுவுவேன். என் கணவர் சிறிக்கு விரியில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. “கடைசி மட்சையும் தனிய இருந்து பாக்காதையும், எங்கட களஞ்சியத்துக்கு வாரும். கன்டீனில பெரிய ஸ்கிரீன் இருக்கு,” என்றார். மேற்பார்வையாளர் லீனா, சமோவாப் பெண்மணி, ஏற்கெனவே சம்மதித்துவிட்டாராம்.

ஐந்து இருபதுக்குப் புறப்பட்டேன். மவுண்ட் ரோஸ்கில் பக்கம் நெடுஞ்சாலையில் ஏறினால் அந்த நேரத்தில் அரை மணித்தியாலம்தான். பெட்ரோல் பத்து டொலருக்குள் அடங்கும். வாசலில் பெயர் பதிந்து, ஹை-விஸ் வெஸ்ட் என்கிற ஒளிரும் மஞ்சள் மேலங்கி ஒன்றைத் தந்தார்கள். தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டை அது இல்லாமல் தாண்டக்கூடாது. கன்டீன் சூடாக இருந்ததால் கழற்றிக் கதிரையில் போட்டேன்.

ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. இரவு வேலை முடித்தவர்கள் பத்துப் பேர் வீட்டுக்குப் போகாமல் இருந்தார்கள். மதுரைக்காரத் தம்பி செல்வம் எனக்குத் தேநீர் கொண்டுவந்து, “வீட்ல சாமிகிட்ட ஏதாச்சும் வேண்டிட்டு வந்தீங்களாக்கா?” என்று கேட்டான்.

“வேண்டினனான். என்னத்துக்கெண்டுதான் சாமிக்கு வடிவாச் சொல்லேல்லை.”

இங்கே ஒரு விதியைச் சொல்லவேண்டும். இந்தக் கிண்ணத்தின் இறுதிப் போட்டி இரண்டு ஆட்டங்கள், ஒவ்வொரு அணியின் ஊரிலும் ஒன்று. இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் முடிவு. போன வாரம் சொந்த ஊரில் மதுராவின் அணி ஒன்பது புள்ளியால் வென்றிருந்தது. ஆகவே இன்று எட்டால் தோற்றாலும் கிண்ணம் அவர்களுக்குத்தான். ஆட்டம் தொடங்கமுதல் இதைச் செல்வத்துக்குச் சொன்னேன். “சரிக்கா, சரிக்கா,” என்றான். காதில் வாங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஏழரைக்குத் தன் வேலை இடைவேளையில் சிறி வந்தார். அவர் வந்த நேரம் எதிரணி அடுக்கடுக்காகப் புள்ளி எடுத்தது. அவருடைய பதினைந்து நிமிட இடைவேளை முடிந்தபோது பதினொரு புள்ளி பின்னால் நின்றோம். “சரி, பிள்ளை வீட்டை வரட்டும்,” என்று மெல்லச் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

கடைசி நொடிகளில் பந்து மதுராவிடம் வந்தது. நான் எழுந்து போகவில்லை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, அந்த முழங்காலை ஊன்றி எம்பினாள். பந்து வளையத்தில் ஒருமுறை ஆடி உள்ளே விழுந்தது. எழுபதுக்கு அறுபத்திரண்டு. எதிரணியின் கடைசி எறி பலகையில் பட்டுத் தெறித்தது. ஆட்டம் முடிந்தது.

கன்டீன் செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. செல்வம் பக்கத்தில் வந்து, “மனச விடாதீங்கக்கா. பாப்பா நல்லாத்தான் ஆடுச்சு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்,” என்றான். “தம்பி, தோத்துத்தான் வென்றிருக்கிறம்!” என்று கத்தினேன். துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

கன்டீனின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் சிறி ஃபோர்க்லிஃப்டில் இருந்தபடி உள்ளே இருந்தவர்களின் முகங்களைப் பார்த்துத் தலை குனிந்தார். நான் ஓடினேன். பின்னால் லீனா, “வெஸ்ட்! வெஸ்ட்!” என்று கத்தினார். மஞ்சள் கோட்டில் சட்டென்று நின்றேன்.

“இஞ்சேருங்கோ! எட்டு! எட்டுத்தான்!”

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு இயந்திரத்தை நிறுத்தி இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி மேலே எறிந்தார். திரையில் தங்க நிறக் காகிதங்கள் பறக்கத் தொடங்கியபோதுதான் மற்றவர்களுக்கு விளங்கியது. லீனா, சமோவாக்காரர் மகிழ்ச்சியில் கூவுவதுபோல், “சீ...ஹூ!” என்று போட்ட சத்தத்தில் தட்டுகள் அதிர்ந்தன. செல்வம் என்னைவிட அதிகமாக அழுதான்.

எட்டரைக்கு மதுராவின் செய்தி வந்தது: “அம்மா, வன் மோர் இயர்!” சிறி வாசித்துவிட்டு, “இந்த வருசமும் வரமாட்டாள்,” என்றார். “ஓம்,” என்றேன். இருவரும் சிரித்தோம்.

இப்படிப் பார்க்க நினைப்பவர்கள் நேரத்தைக் கவனியுங்கள். குளிர்கால ஐரோப்பாவுக்கும் நமக்கும் சரியாகப் பன்னிரண்டு மணித்தியாலம். அங்கே மாலை ஏழு என்றால் இங்கே காலை ஏழு. ஏப்ரலில் அந்த வித்தியாசம் பத்து மணித்தியாலமாகிவிடும், மறந்தால் இறுதிப் போட்டியைத் தவறவிட்டுவிடுவீர்கள். களஞ்சியத்துக்குச் செருப்போடு போகாதீர்கள். திரும்பும்போது வீதி நெரிசல், எனக்கு ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. முக்கியமாக, முதல் ஆட்டத்தின் புள்ளி வித்தியாசத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

வீட்டுக்கு வந்து மதுராவின் கட்டில் விரிப்பை எடுத்தேன். நாலாக மடித்து அலுமாரியில் மேல்தட்டில் வைத்தேன். பிள்ளை வீட்டுக்கு வராததற்காக இவ்வளவு சத்தமாக நான் கத்துவேன் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.