குறைக்க விடாத வோல்டேஜ்

கட்டப்போகும் வீடு எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுவது என் தொழில். தென்காசியில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். அன்று குற்றாலச் சாரல் தெருவரை அடித்துத் துணிகூடக் காயவில்லை. என் லேப்டாப் மட்டும் தோசைக்கல்லாகச் சுட்டது.

கடையநல்லூரிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். வளைகுடாவில் வேலை பார்க்கும் அவர் கணவர் வீடியோ காலில் இருந்தார். புது வீட்டுக்குள் நடந்து போவதுபோல் திரையில் காட்டிக்கொண்டே போனேன். ஹாலைத் தாண்டி அடுப்படிக்குள் நுழைகையில் திரை கறுத்தது. சூடு தாங்காமல் லேப்டாப் தானே அணைந்துவிட்டது.

"அவுகளுக்கு இனி அடுத்த வெள்ளிக்கிழமதான் லீவு" என்றார் அக்கா. முகம் வாடிவிட்டது.

ஃபேனை ஏற்கெனவே சுத்தம் செய்து பார்த்தாயிற்று. மிச்சமிருந்தது ப்ராசசருக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பதுதான்.

"கரண்டைக் குறைச்சா வேகமும் குறைஞ்சுராதா?" என்று கேட்டார் என் கணவர்.

"குறையாது. கம்பெனில தேவைக்கு மேலயே வச்சுக் குடுக்காங்க. அந்த மிச்சத்தத்தான் வெட்டுதேன்."

கொஞ்சம் குறைத்ததும் சூடு இறங்கியது. ஆசைப்பட்டு இன்னும் குறைத்தேன். எல்லாம் உறைந்து, காலையிலிருந்து வரைந்த மாடிப்படி காணாமல் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினேன், இறக்கினேன். வியாழக்கிழமை ஒருவழியாகச் சரியான அளவு பிடிபட்டது. வீடு முழுக்கச் சுற்றி வந்தும் அணையவில்லை.

மறுநாள் காலை திறந்தால், ஏதோ அப்டேட் தானாக ஏறியிருந்தது. வோல்டேஜ் குறைக்கும் இடம் சாம்பல் பூத்துக் கிடந்தது, அமுக்கினால் அசையவில்லை. பாதுகாப்புக்காகக் கம்பெனியே பூட்டிவிட்டதாம். என் லேப்டாப்பில் அப்டேட்டுக்கு முந்தைய நிலைக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை. நான் காசு கொடுத்து வாங்கிய பொருளை யாரைக் கேட்டுப் பூட்டினார்கள்? ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

அக்கா வந்துவிட்டார். சூடு ஏறாமலிருக்க, வேறு வழியின்றி ப்ராசசரின் வேகத்தையே பாதியாக்கினேன்.

"ஏன் இப்படித் திக்கித் திக்கிப் போவுது?" என்றார் அக்கா.

"இன்னைக்கு இப்படித்தான்கா" என்றேன்.

அணையாமல் ஓடி முடிந்தது. போனில் அவர் கணவர் தலையாட்டினார். "நல்லாத்தான் இருக்கு. மேல இன்னொரு மாடி எடுத்தா எப்படி இருக்கும்னும் காட்டிருங்க."

"காட்டிருதேன்" என்றேன். மாடி கூடினால் சூடும் கூடும்; லேப்டாப்பின் அடியில் கை வைக்கவே பயமாக இருந்தது.