வானவடியில் இறக்கப்பட்ட கை

ஞாயிறு மதியம் மூன்றரை மணிக்கு நாகர்கோவில் ரயில் என்னைப் புனேயில் இறக்கிவிட்டபோது இடுப்பு என்னுடையதாகவே இல்லை. மே மாத விடுமுறை. தங்கை வாசுகியின் வீடு வானவடியில், ஸ்டேஷனிலிருந்து ஆறரை கிலோமீட்டர். ஆட்டோக்காரர் கேட்காமலே மீட்டரைப் போட்டார். நூற்றுப் பத்து ரூபாய் காட்டியது, நூற்றுப் பத்தே வாங்கிக்கொண்டார். தென்காசியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வருடாவருடம் ‘சட்டத்தின் ஆட்சி’ பாடம் நடத்துகிறவன் நான். அதை நேரில் பார்த்தது இங்கேதான். அந்தச் சந்தோஷம் மாலை வரைக்கும் தாங்கியது.

வாசுகி வீடு ஏழாவது மாடி. அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை சங்கரனுக்குத் தளவாடத் தொழிற்சாலையில் உத்தியோகம். கதவைத் திறந்தது சமையலுக்கு வருகிற மங்கள் மௌஷி. மௌஷி என்றால் மராட்டியில் சித்தி; வீட்டு வேலைக்கு வரும் பெண்களை இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முழங்காலில் ஆபரேஷன் ஆனவர், ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார்.

“இன்னைக்கு இந்த பில்டிங் வீட்டுக்காரங்க சொசைட்டி மீட்டிங்ணே,” என்றாள் வாசுகி. “வேலைக்கு வர்றவங்க லிப்ட்ல ஏறக்கூடாதுன்னு தீர்மானம் கொண்டுவர்றாவ. ஏழு மாடி ஏறணும்னா மௌஷி வேலையை விட்டுருவா. நான் எதுத்துப் பேசப் போறேன்.”

வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்? நேரடி மக்களாட்சியைப் பார்த்துவிடலாம் என்று நானும் கூடவே போனேன்.

மாலை ஆறு மணி. கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசுகி எழுந்து மராட்டியில் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் நடுவில் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டியபோது கூட்டம் அமைதியானது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தீர்மானம் வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்று சேர்மன் சொன்னதை, கூட வந்திருந்த சங்கரன் எனக்குத் தமிழில் சொன்னார். வாசுகி தூக்கினாள்.

“மேடம், நீங்கள் கையை இறக்குங்கள்,” என்றார் சேர்மன் இந்தியில், மிக மரியாதையாக.

வீட்டுப் பத்திரத்தில் இரண்டு பேர் பெயர் இருந்தால் முதல் பெயருக்குத்தான் ஓட்டாம். முதல் பெயர் வராத அன்றைக்கு மட்டும் இரண்டாம் பெயர் போடலாமாம். முதல் பெயர் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக் கடனில் பாதி அவள் சம்பளத்தில் போகிறது. நான் திகைத்துப்போனேன். எங்கள் ஊர் கிராம சபைக்கு ஆள் சேராது, அது உண்மை. ஆனால் வந்தவளின் கையை யாரும் இறக்கச் சொன்னதில்லை.

சரி, அவளுக்காகச் சங்கரன் தூக்குவார் என்று பார்த்தேன். அவர் கை மடியிலேயே இருந்தது. தீர்மானம் வேண்டும் என்பவர்களைக் கேட்டபோது அந்தக் கை மேலே போனது. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

“என்ன மாப்ளே இது?”

“புதுசா பார்க்கிங் ஒதுக்கப் போறாங்க மச்சான். இப்பப் போயி சேர்மனைப் பகைக்க முடியுமா?”

பெரும்பான்மை, பெரும்பான்மை என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன். அதற்குள் ஒரு கார் நிற்கிற இடமும் இருக்கும் என்று தெரியாமல் போயிற்று.

மேலே போனோம். வாசுகி சொன்னதை மங்கள் மௌஷி சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்டார். மீதி மாவையும் தேய்த்து முடித்து, கை கழுவி, பையை எடுத்துக்கொண்டு படிப்பக்கம் போனார். வாசுகி செருப்பு மாட்டிக்கொண்டு அவரோடு இறங்கினாள். சங்கரன் டிவியில் சத்தத்தைக் கூட்டினார்.

வியாழக்கிழமை கிளம்பினேன். நாலு நாளில் வாசுகி வீடு வீடாக ஏறி இறங்கி, ஜூன் இரண்டாம் ஞாயிறு தீர்மானத்தை மறுபடி ஓட்டுக்கு விட வைத்திருந்தாள். அதுவரைக்கும் வருவதாக மௌஷியும் சம்மதித்திருந்தார். ஸ்டேஷனில் சங்கரன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில் அவள் என்னிடம் ஓர் உதவி கேட்டாள். அதைக் கேட்டு நான் அதிர்ந்தேன். பிறகு சிரிப்பு வந்தது.

ரயில் கிளம்பும்போது ஜன்னலோரம் நின்ற சங்கரனிடம் சொன்னேன்: “ஜூன்ல குற்றாலம் சீசன் மாப்ளே. ரெண்டாவது ஞாயித்துக்கிழமை கட்டாயம் நம்ம வீட்ல இருக்கணும். டிக்கெட் நானே போட்டு அனுப்புதேன்.”

அவர் முகம் மலர்ந்தது. “வாசுகியையும் கூட்டிட்டு வந்துருதேன் மச்சான்.”

“வேண்டாம்,” என்றேன். “அவளுக்கு அன்னைக்கு வேலை இருக்கு.”